நீலப் புலியும் காணாமல் போன எருமையும்

திரையில் புலிக்குட்டி ஓடி வந்தது. ஆரஞ்சு நிறத்தில் வந்து, ஒரு கல்லைத் தாண்டியது. அந்தரத்தில் இருக்கும்போது பளிச்சென்று நீலமாகி, தரையில் இறங்கியதும் மறுபடி ஆரஞ்சானது.

"அந்தரத்துல பாம்பு கடிச்சிருக்கும்," என்றான் கொழுந்தன்.

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கு அது பழக்கம்தான். இரண்டு பட்டம் வாங்கி, இரண்டும் வேலைக்கு ஆகாமல், அண்ணியின் துப்பறியும் நிலையத்தில் ஒட்டிக்கொண்டவன் அவன். அண்ணி யோசிப்பாள். அவன் பேசுவான். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் குறை இல்லை. வீட்டில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சமைத்துப் போடுகிற அண்ணனுக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல்.

"சிரிப்பா இருக்கா தம்பி?" என்றார் முதலாளி. கார்ட்டூன் படம் எடுக்கிற கம்பெனிக்கு முதலாளி என்றாலும், சிரிப்பு என்றால் அவருக்கு ஆகாது. "சாயங்காலம் படத்தை வாங்க ஆளுங்க வர்றாங்க. நீலப் புலியைக் காட்டினா எழுந்து போயிடுவாங்க. இந்தப் படத்தோட என் கதையும் முடிஞ்சுடும்."

"யார் மேல சந்தேகம்?" என்று கேட்டாள் அண்ணி.

"சந்தேகமே இல்லம்மா. எங்க புரோகிராம் எழுதுற பொண்ணுதான். சம்பளம் ஏத்தித் தரலன்னு கறுவிக்கிட்டு இருக்கா. நீங்க வாக்குமூலம் மட்டும் வாங்கிக் கொடுங்க. இல்லன்னா வந்தவங்க போன கையோட போலீஸ்தான்."

"ஆதாரம் ஏதாவது?"

"அவ எழுதினது அவளைத் தவிர ஒருத்தருக்கும் புரியாது. வேற என்ன ஆதாரம் வேணும்?"

"நியாயம்தான்," என்றான் கொழுந்தன். "டாக்டர் கையெழுத்து நமக்குப் புரியறதில்ல. அதனால ஆஸ்பத்திரியில நடக்கிற எல்லா சாவும் கொலைதான்."

முதலாளியின் பக்கத்தில் நின்றவர் மெல்லச் சிரித்தார். முதலாளியின் தங்கை புருஷன். கம்பெனியில் கம்ப்யூட்டர் சம்பந்தமான எல்லாவற்றுக்கும் அவர்தான் தலை. சொந்தப் பெயர் ஒன்று இருந்தது, ஆனால் ஆபீஸில் அவருக்கு மேகநாதர் என்றுதான் பேர். எந்தக் கேள்வி கேட்டாலும் ஆள்காட்டி விரலை மேலே தூக்கி, "அதெல்லாம் இப்ப மேகத்துக்குப் போயிடுச்சு" என்பார். கடல் தாண்டி எங்கேயோ இருக்கும் ராட்சதக் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுத்து வேலை வாங்குவதற்குத்தான் மேகம் என்று பெயர். போன மாதம்தான் மேகத்தைக் கம்பெனிக்குக் கொண்டு வந்திருந்தார். வாடகைப் பணமும் அவர் கை வழியாகத்தான் போனது. அன்று முதல் நடையே மாறிவிட்டது. மாப்பிள்ளை முறுக்கு ஏற்கெனவே இருந்தது, மேகம் அதற்கு எண்ணெய் விட்டது.

"அந்தப் பொண்ணோட கருவியைத் தூக்கிப் போட்டுட்டு எல்லாத்தையும் மேகத்துக்கு மாத்திடுங்கன்னு அப்பவே சொன்னேன் மச்சான்," என்றார் மேகநாதர். "நீங்கதான் கேக்கல."

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளை சொன்னால் குனிவதற்கென்றே அந்தத் தலை பழகியிருந்தது.

*

கம்ப்யூட்டர் கூடம் மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் கொழுந்தனுக்குத் தன் வீட்டு விசேஷம் ஒன்றுக்கு வந்தது போல இருந்தது. ஒன்றுக்கொன்று ஒட்டாத உருவங்கள், ஆனால் ஒரே கூரையின் கீழ். கணக்குப் பிள்ளையின் கறுப்புப் பெட்டி. சித்திரக்காரர்களின் வழுவழுப்பான வெள்ளைப் பெட்டிகள். வரவேற்பறைப் பெண்ணுடையதில் பூனைப் படம் ஒட்டியிருந்தது. மூலையில் மூடி கழற்றிய இரண்டு மிஷின்கள் டேபிள் ஃபேன் காற்று வாங்கிக்கொண்டிருந்தன.

நடுவில், நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அந்தப் பெண். அவளை மேஸ்திரியம்மா என்பார்கள். அவள் எழுதிய கருவிக்கு மேஸ்திரி என்று பெயர்.

"வாக்குமூலம் வாங்க வந்திருக்கீங்களா?" என்றாள்.

"மொதல்ல மேஸ்திரி என்ன பண்ணும்னு சொல்லும்மா," என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் அண்ணி. "எனக்கு டிவி ரிமோட்டே தகராறு. அதை மனசுல வெச்சுச் சொல்லு."

"படம்னா ஆயிரக்கணக்கான சித்திரம் அக்கா. ஒரே மிஷின் உட்கார்ந்து வரைஞ்சா நமக்குத் தலை நரைச்சிடும். அதனால ஆபீஸ்ல இருக்கிற எல்லா மிஷினுக்கும் பிரிச்சுக் கொடுக்கிறோம். ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ரகம். ஒண்ணு பேசுறது இன்னொண்ணுக்குப் புரியாது. மேஸ்திரி நடுவுல நிக்கும். எது சும்மா இருக்குன்னு பாத்து, அது பாஷையிலயே வேலையைச் சொல்லி, முடிச்சதை வாங்கி வரிசையா அடுக்கும்."

"அப்போ எந்த மிஷின் நீலமா கொடுக்குதுன்னு மேஸ்திரியையே கேட்டுட்டா?"

அவள் முகம் சுருங்கியது. "அது தெரியாது அக்கா. மொதல்ல யார் வரைஞ்சாங்கன்னு பேர் போட்டு வெச்சுக்கிட்டிருந்துச்சு. கணக்குப் பிள்ளை சண்டைக்கு வந்துட்டார். 'என் மிஷின் மாடா உழைக்குது, வரவேற்பறை மிஷின் தூங்குது, இது என்ன நியாயம்'னு. அந்தப் பொண்ணு அழுதுச்சு. ஆபீஸ் ஒற்றுமை கெடுதுன்னு முதலாளி அந்தப் பகுதியையே எடுக்கச் சொல்லிட்டார்."

"நல்ல ஒற்றுமை," என்றான் கொழுந்தன். "தப்பு பண்றவன் யாருன்னே தெரியாத அளவுக்கு ஒற்றுமை."

அண்ணி திரையில் நின்றிருந்த நீலப் புலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணிக்கடையில் சேலை பார்க்கும்போது மட்டும் அவள் அப்படிப் பார்ப்பதை அவன் கண்டிருக்கிறான்.

"ஏம்மா, கெட்டுப்போறதுன்னா பச்சையா ஆகலாம், அழுக்கா ஆகலாம். எப்பவும் நீலம்தான் ஆகுது. அது ஏன்?"

மேஸ்திரியம்மா நிமிர்ந்தாள். "நிறம்னா மிஷினுக்கு மூணு எண் அக்கா. சிவப்பு, பச்சை, நீலம், அந்த வரிசையில. ஆரஞ்சுல சிவப்பு நிறைய இருக்கும், நீலம் இருக்கவே இருக்காது. அதையே கடைசியில இருந்து படிச்சா சிவப்பும் நீலமும் இடம் மாறிக்கும்."

"அப்போ வரைஞ்சவன் ஒழுங்காத்தான் வரைஞ்சிருக்கான். அவன் எழுதினது மறுமுனையில இருந்து. இங்க அதை இந்த முனையில இருந்து படிச்சுட்டாங்க."

"ஆமா. ஆனா மறுமுனையில இருந்து எழுதுற மிஷின் இங்க ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. எருமை. அப்படித்தான் அதைக் கூப்பிடுவோம். அந்த ரகத்தை இப்பல்லாம் யாரும் செய்யறதே இல்ல."

"எருமை எங்க?"

அவள் சுவரோரம் கை காட்டினாள். அங்கே தரையில் பீரோ அளவுக்கு ஒரு கட்டம் மட்டும் அழுக்குப் படியாமல் பளபளத்தது.

"திருடு போயிடுச்சு. போன மாசம் லீவு நாள்ல. கறுப்பா, இரும்புல, பாரம் ஏறினா கத்திக்கிட்டே கிடக்கும். சூடு கக்கும். ஆனா ஒரு நாள் வேலைக்கு நின்னதில்ல. போலீஸ் வந்தாங்க, டீ குடிச்சாங்க, போயிட்டாங்க." அவள் மறுபடி நகத்தைக் கடித்தாள். "அது எழுதுறதைத் திருப்பிப் போட்டு வாங்கறதுக்கு மேஸ்திரிக்குள்ள ஒரு புரோகிராம் துண்டு வெச்சிருந்தேன். அது போனப்புறம் அதையும் எடுத்துட்டேன். செத்தவங்க செருப்பை வாசல்ல வெச்சுக்கிட்டு என்ன பண்ண?"

"அந்தத் துண்டு இருக்கிறது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. ஒழுங்கா நடக்கிற வேலையைப் பத்தி இங்க யார் கேக்கிறாங்க?"

"நீலம் எப்போ ஆரம்பிச்சுது?"

"துண்டை எடுத்தப்புறம்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள்.

அண்ணி சேலையைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் என்பது கொழுந்தனுக்குத் தெரிந்தது. "ஊர்ல மாடு திருடு போனா போனதுதான்," என்றாள் அவள். "உங்க மாடு திருடு போயும் தினம் வந்து உழுதுட்டுப் போகுது."

"முடியாது அக்கா! மேகத்தைத் தவிர வெளியில இருந்து உள்ள வர வழியே கிடையாது. மத்தது எதுவா இருந்தாலும் இந்தக் கட்டடத்து நெட்வொர்க் கம்பியில சொருகினாத்தான் மேஸ்திரிக்குத் தெரியும்."

"அவ்வளவு பெரிய பீரோவை மாடிக்கு எப்படி ஏத்தினீங்க?"

"படியில திரும்பல. ஜன்னல் கம்பியைக் கழட்டி, கிரேன் வெச்சு ஏத்தினோம். அப்புறம் கம்பியை மறுபடி வெச்சு வெல்டிங் பண்ணிட்டோம்."

கொழுந்தன் ஜன்னலுக்குப் போய்க் கம்பியை ஆட்டிப் பார்த்தான். அது ஆடவில்லை. "அப்போ திருடன் ஒண்ணு எருமையைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு இறங்கியிருக்கணும். இல்ல, இறங்கவே இல்ல. போலீஸ்காரங்களுக்கு டீ ரொம்ப நல்லா இருந்திருக்கு."

*

"எருமையா? இங்கயா?" வாசலில் மேகநாதர். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியவில்லை. "நல்ல கற்பனை மேடம். நாம மேகத்துக்கே போயாச்சு, நீங்க இன்னும் தொழுவத்துல நிக்கிறீங்க."

"மேகம் எவ்வளவு தூரத்துல இருக்குங்க?" என்று அப்பாவியாகக் கேட்டாள் அண்ணி.

"கடல் தாண்டி. ஊர் மாதிரி ஒரு கட்டடம். உள்ள போற காத்தையே வடிகட்டித்தான் விடுவாங்க. எல்லாம் புத்தம் புது மிஷின்."

"அதையும் மேஸ்திரிதான் வேலை வாங்குதா?"

"வேலையை என் வாசல் வழியா அனுப்பும். அதுக்கப்புறம் மேகம் எப்படிச் செய்யுதுன்னு மேஸ்திரிக்கும் தேவையில்ல, அந்தப் பொண்ணுக்கும் தேவையில்ல. வாசல் சாவி என்கிட்ட." விரலை மேலே தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் மறைந்ததும் அண்ணி மேஸ்திரியம்மாவின் பக்கம் திரும்பினாள். "ஆபீஸ் மிஷின் எல்லாத்தையும் கொஞ்ச நேரம் விலக்கி வை. ஒளிஞ்சிருக்கிற எருமை தலையில மொத்த பாரமும் விழட்டும். பாரம் ஏறினா கத்தும்னு சொன்னியே. நாங்க போய்க் காது கொடுத்துப் பாக்கிறோம்."

"முதலாளி கத்துவார் அக்கா. ஒரு நிமிஷம் வேலை நின்னாலும்..."

"எருமையும் முதலாளியும் சேர்ந்து கத்தினா எது எதுன்னு நான் பிரிச்சுச் சொல்றேன், நீ விலக்கும்மா," என்றான் கொழுந்தன்.

மாடி முழுக்கச் சுற்றினார்கள். சாமான் அறை, மொட்டை மாடிக் கதவு, கணக்குப் பிள்ளை அறை, கழிப்பறை. கழிப்பறையில் கொழுந்தன் சுவரில் காதை வைத்துக் கேட்டபோது கணக்குப் பிள்ளை உள்ளே வந்து, ஒன்றும் கேட்காமல் வெளியே போனார். எங்கேயும் உறுமல் இல்லை. வராண்டா கடைசியில் ஒரு அறை. கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. குரல் பதிவு செய்கிற அறை. விளக்கு எரிந்தால் யாரும் கதவைத் தொடக்கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. அங்கும் சத்தம் இல்லை.

திரும்பி வந்தபோது மேஸ்திரியம்மா திரையைப் பார்த்து விறைத்துப் போயிருந்தாள். புதிதாக வந்த சித்திரங்கள் வரிசையாகக் கிடந்தன. அத்தனை புலியும் நீலம்.

"சரி, எருமை உழைக்குது. அது தெரிஞ்ச கதைதானே," என்ற கொழுந்தன் சட்டென்று நிறுத்தினான். "இரு. ஆபீஸ் மிஷின் எல்லாத்தையும் விலக்கியாச்சு. எருமை பாக்கி. மேகமும் பாக்கி. ரெண்டும் பங்கு போட்டுக்கிட்டா பாதிப் புலியாவது ஆரஞ்சா வந்திருக்கணுமே? அவ்வளவு பெரிய மேகம் ஒரு துளி கூடப் போடலையே?"

சொல்லி முடித்ததும் தன் வாயிலிருந்து வந்தது தனக்கே உறைத்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு நகைச்சுவை அவனுக்கு முன்னால் போய் நின்று கையசைத்தது.

"அண்ணி..."

"இப்பத்தான் உங்க அண்ணன் சோறு செரிச்சிருக்கு," என்றாள் அண்ணி. "இன்னொண்ணு யோசி. இவ்வளவு கத்துற மாடு எங்கயும் கேக்கல. கத்தினாலும் சத்தம் வெளிய வராத இடம் இந்தக் கட்டடத்துல எது?"

"குரல் பதிவு அறை. ஆனா விளக்கு எரியுதே, உள்ள வேலை நடக்குது."

"என்ன வேலை? குரல் எல்லாம் கொடுத்து முடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு அக்கா," என்றாள் மேஸ்திரியம்மா மெதுவாக. "அந்த விளக்கு எதுக்கு எரியுதுன்னு நாங்க யாரும் கேக்கவே இல்ல."

"பூட்டு இருந்தா உடைச்சிருப்பீங்க. விளக்கு இருந்ததால மரியாதை கொடுத்துட்டீங்க." அண்ணி எழுந்தாள். "அந்தக் கதவுக்கு வெளிய மின்சாரப் பெட்டி ஒண்ணு பாத்தேன். தம்பி, முதலாளியையும் அவர் மாப்பிள்ளையையும் இங்க கூப்பிட்டுப் பேச்சு கொடு. உனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதானே."

*

கொழுந்தன் மேடை ஏறியவன் போலக் கூடத்தின் நடுவில் நின்றான். கையில் போன், மறுமுனையில் அண்ணி. முதலாளி வியர்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸ் முழுக்கக் கதவோரம் கூடிவிட்டது.

"சார், வாக்குமூலம் ரெடி. அதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். இப்ப திரையில வர்ற சித்திரமெல்லாம் யார் வரையுறாங்க?"

"மேகம்தான்," என்றார் மேகநாதர். "உங்க மேடம் புண்ணியத்துல ஆபீஸ் மிஷின் எல்லாம் சும்மா கிடக்கு. என் மேகம் மட்டும் தனியா இழுக்குது. பாத்தீங்களா மச்சான், என்ன வேகம்!"

"இங்க கரண்ட் போனா?"

"மேகத்துக்கு என்ன? இந்தக் கட்டடமே இடிஞ்சு விழுந்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும்."

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" கொழுந்தன் போனை வாயருகே கொண்டுபோனான். "அண்ணி, அமுக்குங்க."

கூடத்தில் விளக்கு அணையவில்லை. ஃபேன் நிற்கவில்லை. திரையில் மட்டும் சித்திரங்கள் வருவது நின்றது. பாதி வந்த புலிக்கு முன்னங்கால்கள் இல்லை.

"கடல் தாண்டி இருக்கிற மேகம்," என்றான் கொழுந்தன், "நம்ம வராண்டா சுவிட்சுக்கு ஏன் சார் பயப்படுது?"

"நெட்... நெட் போயிருக்கும்."

"தம்பி," என்று போனிலிருந்து அண்ணியின் குரல் கூடமெல்லாம் கேட்டது, "சுவிட்சைத் திருப்பிப் போட்டுட்டேன். கதவையும் திறந்துட்டேன். கேக்குதா பாரு."

கேட்டது. முதலில் ஒரு பெருமூச்சு, பிறகு ஒரு முனகல். அப்புறம் வராண்டா முழுவதையும் அடைத்துக்கொண்டு ஓர் உறுமல். வரவேற்பறைப் பெண் காதைப் பொத்தினாள். மேஸ்திரியம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "எருமை!" என்றாள், தொலைந்துபோன குழந்தை கூட்டத்தில் அழுகிற குரலை அடையாளம் கண்ட தாயைப் போல.

எல்லாரும் மேகநாதரைப் பார்த்தார்கள். அவர் விரலை மேலே தூக்கினார். அது பாதியில் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

"இது... இதுக்குப் பேர் பிரைவேட் மேகம் மச்சான். வெளிநாட்டுல எல்லாம் இப்படித்தான். சொந்தமா, தனியா..."

"இருந்த எருமையைத் திருடி, பக்கத்து ரூம்ல கட்டி, அதுக்கே கம்பெனிகிட்ட வாடகை வாங்கினதுக்குப் பேர் மேகமா?" என்றான் கொழுந்தன். "எருமை மேல மழை பெஞ்ச மாதிரின்னு கேள்விப்பட்டிருக்கேன். எருமையே மழை பெய்யறதை இப்பத்தான் பாக்கிறேன்."

இந்த முறை ஆபீஸே சிரித்தது. கணக்குப் பிள்ளை கூட.

முதலாளி சிரிக்கவில்லை. முகம் சிவந்து, வெளுத்து, கடைசியில் வியாபார முகமாக மாறியது. மேஸ்திரியம்மாவை ஓரமாக அழைத்தார். அண்ணி அதற்குள் வந்து வாசலில் சாய்ந்து நின்றாள். தடுக்கவில்லை.

"பாரும்மா, என்ன இருந்தாலும் என் தங்கச்சி வாழ்க்கை. இது வீட்டு விஷயம். வெளிய தெரிய வேண்டாம். உன் மேல தப்பில்லன்னு எனக்குத் தெரிஞ்சுடுச்சு, உனக்கும் தெரியும். அது போதும்ல? போலீஸ் கிடையாது. நீ உடம்பு சரியில்லன்னு எழுதிக் கொடுத்துட்டு மரியாதையா கிளம்பிடு. அதுக்கு முன்னாடி அந்தப் புலியை மட்டும் ஆரஞ்சாக்கிடு. வர்றவங்க கார் கீழ வந்துடுச்சு."

குற்றம் இல்லை என்று தெரிந்த பிறகும் தண்டனை அப்படியே இருப்பதைக் கொழுந்தன் அன்றுதான் நேரில் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணி புருவத்தைத் தூக்கினாள். அவன் மூடிக்கொண்டான். அவன் வாயை அவனே மூடியது அன்றைய இரண்டாவது அதிசயம்.

மேஸ்திரியம்மா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். எடுத்துப்போட்ட துண்டை மேஸ்திரிக்குள் மறுபடி வைத்தாள். ஒரு பெரிய நீலப் புலியைத் திரை முழுக்க நிறுத்தினாள்.

"துண்டு துண்டாத்தான் சார் திருப்ப முடியும்," என்றாள், கூடத்துக்கே கேட்கிற மாதிரி. "நான் நாசக்காரின்னு நீங்க சொன்னதை இவங்க எல்லாரும் கேட்டாங்க. இப்ப இவங்க எதிர்லயே சொல்லுங்க. நீங்க சொல்லச் சொல்ல இது மாறும்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முதலாளி வேகமாகத் தொண்டையைச் செருமினார்.

"ஏதோ ஒரு சின்னப் புரிதல் கோளாறு நடந்திருக்கு..."

வால் நுனி மட்டும் ஆரஞ்சானது.

"கம்பெனி இதுக்கு வருத்தப்படுது."

ஒன்றும் மாறவில்லை.

"கம்பெனிக்கு ஏது சார் கண்ணீர்?" என்றான் கொழுந்தன். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை.

"சரி, நான் அவசரப்பட்டுட்டேன்!"

பின்னங்கால்கள்.

"விசாரிக்காம பேசிட்டேன்."

வயிறு. படியில் வந்தவர்கள் வராண்டாவுக்கு வந்துவிட்டார்கள். எருமையின் உறுமலைக் கேட்டு ஒருவர், "உள்ள என்ன மாவு மில்லா?" என்று கேட்பது காதில் விழுந்தது.

"இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல!" முதலாளி ஏறக்குறையக் கத்தினார். "மிஷினைத் திருடி ஒளிச்சு வெச்சது என் தங்கச்சி புருஷன். அவர் சொன்னதை நம்பின முட்டாள் நான். இவ வேலை இவளுக்கு உண்டு. போதுமா?"

முதுகு, கழுத்து, காது, கன்னம் எல்லாம் அலை போல மாறின. அதே நேரம் வாசலில் வந்து நின்ற மூன்று பேரும் நல்ல வரவேற்பு நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள். மேகநாதர் அவர்கள் பின்னால் நழுவப் பார்த்தார். அண்ணி காலை நீட்டி வழியை அடைத்தாள்.

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். புலி முழுக்க ஆரஞ்சு. மூக்கு மட்டும் பளிச்சென்ற நீலம்.

"மூக்கு?" என்றார் பரிதாபமாக.

"அது எழுத்துல வந்தப்புறம் சார்."

முதலாளி சட்டைப் பையைத் தடவினார், கால்சட்டைப் பையைத் தடவினார், மேஜை மேல் துழாவினார். படத்தை வாங்க வந்தவர்களில் மூத்தவர் நீல மூக்கையே ஆவலாகப் பார்த்தபடி, தன் பேனாவைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.